யாகுமான்: ஜப்பானிய மாஜோங்கில் எண்ணிக்கை நின்றுபோகும் இடம்

ஜப்பானில் 2018 முதல் எம்.லீக் என்ற பெயரில் தொழில்முறை மாஜோங் அணிப் போட்டி நடந்துவருகிறது. 'மாஜோங் சோல்' போன்ற இணைய விளையாட்டுகளால் ஜப்பானுக்கு வெளியிலும் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். புதிதாகப் பார்க்க வருபவர்களைக் குழப்பும் காட்சி ஒன்று உண்டு. அதுவரை 2,000, 3,900 என்று நகர்ந்துகொண்டிருந்த ஆட்டத்தில் ஒருவர் திடீரெனத் தன் காய்களைத் திறந்து வைக்கிறார். வர்ணனையாளர் குரலை உயர்த்தி 'யாகுமான்' என்கிறார். 32,000 புள்ளிகள் கைமாறுகின்றன. இன்னொரு நாள் வேறொருவர் முற்றிலும் வேறு காய்களை வைத்து யாகுமான் போடுகிறார். அதற்கும் அதே 32,000. இரண்டாவது கை முதல் கையைவிட நூறு மடங்கு அரிதானதாக இருந்தாலும் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை.

அரிய கைக்குத் தரப்படும் பரிசு என்று யாகுமானை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு பிடிபடவே பிடிபடாது. அதை ஓர் உச்சவரம்பாகப் பார்க்க வேண்டும். அந்த வரம்பு ஏன் தேவைப்பட்டது, அதற்குள் எந்தெந்தக் கைகள் வருகின்றன, அது மற்ற மூன்று பேரின் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## காய்களும் கையும்

ரம்மி ஆடியவர்களுக்கு இதன் அமைப்பு பாதி தெரிந்ததுதான். கையில் 13 காய்கள். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். செட்டும் வரிசையும் சேர்த்து முதலில் முடிப்பவர் ஜெயிக்கிறார்.

மொத்தம் 136 காய்கள்: 34 வகை, ஒவ்வொன்றிலும் நான்கு. மான், பின், சோ என்று மூன்று எண் வகைகள். மான் காயில் சீன எழுத்தும், பின் காயில் வட்டங்களும், சோ காயில் மூங்கில் குச்சிகளும் இருக்கும். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை உண்டு. எண் இல்லாத காய்கள் ஏழு வகை: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற நான்கு திசைகள், ஹாகு, ஹாட்சு, ச்சுன் என்ற மூன்று டிராகன்கள். இந்த ஏழையும் 'கௌரவக் காய்கள்' என்பார்கள். எண் காய்களில் 1-ம் 9-ம் 'ஓரக் காய்கள்'.

ஒரே காய் மூன்று இருந்தால் செட். ஒரே வகையில் அடுத்தடுத்த மூன்று எண்கள் இருந்தால் வரிசை. நான்கு கூட்டங்களும் ஒரு ஜோடியும் சேர்ந்து 14 காய்கள் ஆனால் கை முடிந்தது. தானே எடுத்த காயில் முடித்தால் ட்சுமோ. பிறர் போட்ட காயில் முடித்தால் ரோன். பிறர் போட்ட காயை எடுத்துச் செட் ஆக்குவது போன். ஒரே காய் நான்கையும் அறிவித்து வைப்பது கான். போன் சொன்ன செட்டை எல்லோரும் பார்க்கும்படி ஓரமாகத் திறந்து வைக்க வேண்டும். முடிக்க இன்னும் ஒரே ஒரு காய்தான் வேண்டும் என்ற நிலைக்குத் தென்பாய் என்று பெயர்.

வெறுமனே கை நிரம்பினால் போதாது. விதிகள் அங்கீகரிக்கும் அமைப்பு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அந்த அமைப்புக்குப் பெயர் யாகு. யாகு இல்லாத கையை முடிக்கவே முடியாது.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 136-இல் 14 காய்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. ஆளுக்கு 13 வீதம் 52 போனால் எடுக்க மிஞ்சுவது 70 காய்கள். அதாவது ஒருவருக்கு 17 அல்லது 18 வாய்ப்புகள்தான். கையை எவ்வளவு பெரிதாகக் கட்ட நினைத்தாலும் அதற்குள் கட்டி முடிக்க வேண்டும்.

## ஏன் ஓர் உச்சவரம்பு?

1. கையின் மதிப்பை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. கையில் உள்ள கூட்டங்களின் தன்மையைப் பொறுத்து வரும் அடிப்படை அளவு ஃபூ. யாகுக்களின் எடை ஹான். எளிய யாகுவுக்கு 1 ஹான். கை முழுக்க ஒரே எண் வகையில் இருந்தால், எதையும் திறக்காத நிலையில் 6 ஹான். ஒவ்வோர் ஆட்டத்திலும் 'தோரா' என்று சில காய்கள் அறிவிக்கப்படும். அவற்றில் ஒவ்வொன்றும் 1 ஹான் கூட்டும்.

2. ஒரு ஹான் கூடினால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 30 ஃபூ கை ஒன்றை ரோனில் முடித்தால் 1 ஹானுக்கு 1,000 புள்ளி, 2 ஹானுக்கு 2,000, 3 ஹானுக்கு 3,900, 4 ஹானுக்கு 7,700.

3. இதை அப்படியே ஓடவிட்டால் என்ன ஆகும்? 5 ஹானில் 15,000-ஐத் தாண்டும். 13 ஹானில் 39,32,160 புள்ளிகள் வரும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒருவரிடம் வழக்கமாக இருப்பதோ 25,000. ஒரே ஒரு கை மற்ற எல்லாக் கைகளையும் அர்த்தமற்றதாக்கிவிடும்.

4. அதனால் 5 ஹானிலிருந்து இரட்டிப்பு நிறுத்தப்பட்டு, படிகள் வைக்கப்பட்டன. 5 ஹான் மாங்கான்: 8,000. 6, 7 ஹான் ஹானெமான்: 12,000. 8 முதல் 10 வரை பைமான்: 16,000. 11, 12 ஹான் சான்பைமான்: 24,000. அதற்கு மேல் யாகுமான்: 32,000. அங்கே படிக்கட்டு முடிகிறது.

4 ஹான் கைக்கும் 13 ஹான் கைக்கும் இடையே ஒன்பது இரட்டிப்புகள் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருப்பது நான்கு மடங்குக்குச் சற்றே அதிகமான வித்தியாசம். பெரிய கை ஒன்றுக்காக ஐந்து ஆட்டம் காத்திருப்பவரைவிட, சிறிய கைகளை விரைந்து முடித்துக்கொண்டே போகிறவருக்கு இந்த ஆட்டம் சாதகமாக இருப்பதன் காரணம் இந்த வரம்புதான். யாகுமானைத் துரத்துவது பெரும்பாலும் நஷ்டம் என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதனால்தான். ஆனாலும் சில கைகளில் துரத்துவதுதான் சரி. அதற்குப் பின்னால் வருவோம்.

## 32,000 யாரிடமிருந்து வருகிறது?

ஒவ்வோர் ஆட்டத்திலும் கிழக்கில் அமர்ந்திருப்பவர் ஓயா. அவர் ஜெயித்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும். பிறர் ட்சுமோ செய்தால் அவர்தான் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்.

யாகுமானை ரோனில் முடித்தால், அந்தக் காயைப் போட்டவர் ஒருவரே 32,000-ஐயும் தர வேண்டும். முடித்தவர் ஓயா என்றால் 48,000. ட்சுமோவில் முடித்தால் ஓயா 16,000-உம் மற்ற இருவர் ஆளுக்கு 8,000-உம் தருவார்கள். ஓயாவே ட்சுமோ செய்தால் மூவரும் ஆளுக்கு 16,000.

25,000 வைத்திருப்பவர் முதல் ஆட்டத்திலேயே யாகுமானுக்குக் காய் கொடுத்துவிட்டால் அவர் 7,000 கடனில் நிற்பார். பூஜ்யத்துக்குக் கீழே ஒருவர் போனதும் மொத்த அமர்வையும் முடித்துவிடும் விதி பல இடங்களில் உண்டு. எட்டு ஆட்டங்களுக்குத் திட்டமிட்டு உட்கார்ந்தவர்கள் ஒரே ஆட்டத்தில் எழுந்துபோக வேண்டியதுதான். அந்தக் காய் ஒன்றால் இருவருக்கும் இடையே உண்டாகும் இடைவெளி 64,000.

## மூன்று பெரிய கைகள்

நடைமுறையில் மேசையில் காணக்கிடைக்கும் யாகுமான்களில் பெரும்பங்கு மூன்று கைகளுடையது: கொகுஷி முசோ, சூஆன்கோ, தைசாங்கென்.

கொகுஷி முசோ. ஓரக் காய்கள் ஆறு வகை, கௌரவக் காய்கள் ஏழு வகை, ஆக 13 வகையிலும் ஒவ்வொன்று; அவற்றில் ஏதாவது ஒன்று இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். செட்டும் கிடையாது, வரிசையும் கிடையாது. ஆட்டத்தின் வழக்கமான அமைப்புக்கே இது விதிவிலக்கு.

136 காய்களிலிருந்து 14-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது முழுமையான கொகுஷியாக இருக்க 325 கோடியில் ஒரு வாய்ப்பு. அப்படியிருந்தும் இது மூன்று பெரியவற்றில் ஒன்றாக இருக்கிறது. ஏனென்றால் ஆட்டக்காரர்கள் இதைத் தெரிந்தே சேர்க்கிறார்கள். முதலில் கிடைக்கும் 13 காய்களில் இந்த 13 வகைகளில் சராசரியாக நான்குக்குச் சற்று அதிகமானவைதான் இருக்கும். எட்டோ ஒன்பதோ வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கையில் 1 மான், 9 மான், 1 பின், 9 சோ, கிழக்கு, தெற்கு, வடக்கு, ஹாகு, ச்சுன். இவற்றோடு ஒன்றோடொன்று ஒட்டாத நடு எண்கள் சில. முதல் காயை எடுத்த உடனே இப்படி ஒன்பது வகை இருந்தால், 'கியூஷு கியூஹாய்' என்று அறிவித்து அந்த ஆட்டத்தைச் செல்லாததாக்கும் உரிமை பல விதிகளில் உண்டு. அறிவிக்காமல் ஆடினால் இன்னும் நான்கு வகைகளும் ஒரு ஜோடிக் காயும், ஆக ஐந்து சரியான காய்கள் வர வேண்டும். கையில் இருப்பதோ 17 வாய்ப்புகள்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு சாதாரண ஆட்டம் ஆடிப் பிழைப்பது கடினம். துரத்துவது சரியாகும் இடம் இதுதான்: வேறு எதற்கும் உதவாத கை, கொகுஷிக்கு மட்டும் பாதி தூரம் வந்திருக்கிறது. இழப்பதற்கு அதிகம் இல்லை. அதோடு கௌரவக் காய்களைக் கையில் வைத்திருப்பதால் பிற்பாடு யாராவது மிரட்டினால் ஆபத்தில்லாத காய்களும் கைவசம் இருக்கும்.

கொகுஷியின் பலவீனம், அது வெளியே தெரிந்துவிடுவது. எல்லோரும் ஓரக் காய்களையும் கௌரவக் காய்களையும் முதலில் போடும்போது ஒருவர் மட்டும் 4, 5, 6 என்று நடு எண்களைப் போட்டுக்கொண்டிருந்தால் மற்ற மூவரும் புரிந்துகொள்வார்கள். அப்புறம் இன்னொன்று: 13 வகைகளில் கையில் இல்லாத ஏதாவது ஒன்றின் நான்கு காய்களும் வெளியே தெரிந்துவிட்டால் அந்தக் கை அந்த நொடியே செத்துவிட்டது.

ஜோடி இல்லாமல் 13 வகையும் கையில் சேர்ந்துவிட்டால், அந்த 13-இல் எது வந்தாலும் முடியும். ஒவ்வொரு வகையிலும் மூன்று வீதம் 39 காய்களுக்குக் காத்திருக்கலாம். ஜோடியோடு 12 வகை இருந்து ஒரே ஒரு வகை மட்டும் குறைந்தால் காத்திருப்பது வெறும் நான்கு காய்களுக்கு. மேலும், வேறொருவர் மறைவாக வைத்திருந்த நான்கு காய்களைக் கான் அறிவிக்கும்போது அதில் ஒன்றைப் பறித்து முடிக்கும் சலுகை, பல விதிகளில் கொகுஷிக்கு மட்டும் தரப்பட்டிருக்கிறது.

சூஆன்கோ. நான்கு செட்டுகளையும் பிறர் காயைத் தொடாமல் தானே சேர்த்து முடிப்பது. இதன் சிக்கல் முழுவதும் கடைசிக் காயில் இருக்கிறது.

கையில் 2 மான் மூன்று, 6 பின் மூன்று, 9 சோ மூன்று, 5 பின் இரண்டு, ஹாகு இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 பின் அல்லது ஹாகு வந்தால் கை முடியும். அந்தக் காயைத் தானே எடுத்தால் நான்காவது செட்டும் தன் முயற்சியில் சேர்ந்தது, யாகுமான், 32,000. அதே காயைப் பிறர் போட்டு ரோன் சொன்னால் நான்காவது செட் பிறர் காயால் நிரம்பியதாகக் கணக்கு. அப்போது கை மாங்கான் மட்டுமே: 8,000. ஒரே 14 காய்கள், ஒரே அமைப்பு, விலை நான்கில் ஒன்று.

யாராவது ஹாகுவைப் போடுகிறார் என்றால் எடுப்பதா, விடுவதா? வெளியே இருக்கக்கூடிய காய்கள் மொத்தமே நான்கு: 5 பின் இரண்டு, ஹாகு இரண்டு. ஒரு ஹாகு இப்போது கீழே விழுந்துவிட்டது. மிச்சம் மூன்று, அவை பிறர் கையிலோ ஒதுக்கிவைத்த 14-லோ இருக்கலாம். விட்டுவிட்டால் ஃபுரிதென் என்ற விதிப்படி தன் அடுத்த முறை வரும்வரை ரோன் சொல்ல முடியாது. தென்பாயை முன்கூட்டியே ரீச்சி என்று அறிவித்திருந்தால் அந்த ஆட்டம் முடியும்வரை ரோனே கிடையாது. பெரும்பாலான நேரங்களில் 8,000-ஐ எடுப்பதுதான் சரி. கடைசி ஆட்டம், நான்காவது இடம், 8,000 கிடைத்தாலும் இடம் மாறாது என்ற நிலையில் மட்டும் விட்டுவிடுவதற்கு அர்த்தம் உண்டு.

நான்கு செட்டும் சேர்ந்து ஜோடிக்கு மட்டும் ஒரு காய் வேண்டும் என்ற நிலையில் இந்தச் சங்கடமே இல்லை. ட்சுமோவோ ரோனோ, இரண்டுமே யாகுமான்.

தைசாங்கென். ஹாகு, ஹாட்சு, ச்சுன் மூன்றிலும் செட். மிச்சம் ஒரு கூட்டமும் ஒரு ஜோடியும் எதுவாக இருந்தாலும் சரி. போன் சொல்லித் திறந்தும் சேர்க்கலாம். வெறும் ஒன்பது காய்கள் அமைந்தால் போதும் என்பதால் முப்பெரும் கைகளில் இதுவே எளிய வடிவம். ஆனால் இரண்டு டிராகன் செட்டுகள் திறந்துவிட்ட பிறகு மூன்றாவதை யாரும் எளிதில் போடமாட்டார்கள்.

## எஞ்சியவை

ஷோசூஷீயும் தைசூஷீயும் திசைக் காய்களால் ஆனவை. மூன்று திசைகளில் செட், நான்காவது ஜோடி என்றால் ஷோசூஷீ. நான்கிலும் செட் என்றால் தைசூஷீ. கை முழுக்கக் கௌரவக் காய்களே என்றால் ட்சூயீசோ. ஏழு வகையிலும் ஒவ்வொரு ஜோடி வைத்தும் ட்சூயீசோ போடலாம். ஓரக் காய்கள் மட்டுமே என்றால் சின்ரோதோ. அதற்குக் கிடைப்பவை ஆறே வகை, அதாவது 24 காய்கள்.

ரியூயீசோ பார்வைக்கு மிக அழகான கை: முழுதும் பச்சை. சோ வகையில் 2, 3, 4, 6, 8 ஆகிய ஐந்து காய்களில்தான் பச்சை மை மட்டும் இருக்கிறது. 1 சோவில் பறவை. 5, 7, 9 சோக்களில் சிவப்பு கலந்திருக்கும். இந்த ஐந்தோடு பச்சை டிராகன் ஹாட்சு சேர்ந்து இங்கும் ஆறு வகை, 24 காய்கள். 2-3-4 என்று ஒரு வரிசைக்கு இடம் இருப்பது இதன் வசதி. இந்தக் கை அமெரிக்காவில் உருவாகி ஜப்பானிய ஆட்டத்துக்குள் வந்ததாகச் சொல்வார்கள்.

ச்சூரென் போதோவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே எண் வகையில் 1-1-1-2-3-4-5-6-7-8-9-9-9 என்று 13 காய்கள். இதன் வியப்பு, அந்த வகையில் 1 முதல் 9 வரை எது வந்தாலும் கை முடிந்துவிடும் என்பது. 5 வந்தால் 111, 234, 55, 678, 999 என்று பிரியும். 2 வந்தால் 111, 22, 345, 678, 999. மற்ற ஏழையும் தாளில் எழுதிப் பாருங்கள், ஒன்றுகூடத் தப்பாது. எதையும் திறக்காமல் சேர்க்க வேண்டும் என்பதால் மிக அரிது. இதை முடித்தவருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்ற பழைய நம்பிக்கைகூட ஜப்பானில் உண்டு.

சூகான்ட்சு: ஒருவரே நான்கு கான் அறிவித்து, பிறகு ஜோடியையும் முடிப்பது. பெரிய கைகளிலேயே மிக மிக அரியது இதுதான் என்று சொல்லலாம். சூஆன்கோவோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் அரிது. ஒவ்வொரு கானுக்கும் ஒரே காயின் நான்கும் வேண்டும். கான் சொல்லும்போதெல்லாம் புதிய தோரா ஒன்று திறக்கப்படுவதால் மற்றவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். நான்கு கான்களை வெவ்வேறு ஆட்கள் சொல்லிவிட்டால் பல விதிகளில் ஆட்டமே ரத்து. இவ்வளவையும் தாண்டிப் போட்டாலும் கிடைப்பது அதே 32,000. உச்சவரம்பு என்ற சொல்லின் பொருள் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

தென்ஹோ, ச்சீஹோ இரண்டும் வேறு இனம். ஓயாவுக்குக் கிடைத்த முதல் 14 காய்களே முடிந்த கையாக இருந்தால் தென்ஹோ; சுமார் 3,30,000-க்கு ஒரு தடவை என்பது வழக்கமான கணக்கு. மற்றவர்கள் தங்கள் முதல் காயிலேயே முடித்தால் ச்சீஹோ. அதற்கு முன் யாரும் காய் பறித்திருக்கக் கூடாது. இவற்றில் ஆட்டத் திறமைக்கு வேலை இல்லை.

## கை கூடாவிட்டால் என்ன மிஞ்சும்?

எந்த யாகுமானைத் தேடிப் போகலாம் என்று தீர்மானிக்க, கூடினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி உதவாது. எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். கூடாவிட்டால் என்ன மிஞ்சும் என்பதைப் பார்க்க வேண்டும்.

1. தைசாங்கென் மூன்றாவது செட்டில் தடுமாறி, அந்த டிராகன் ஜோடியாக மட்டும் நின்றால் அது ஷோசாங்கென். அந்த யாகுவுக்கு 2 ஹான், இரண்டு டிராகன் செட்டுகளுக்கு 2 ஹான். மாங்கானுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

2. சூஆன்கோ தவறினால் மேலே பார்த்தபடி 8,000 கையில் நிற்கும்.

3. ச்சூரென் கூடாமல் வெறும் ஒரே வகைக் கையாக முடிந்தாலும் 6 ஹான், அதாவது 12,000. இங்கே யாகுமானுக்காகத் தனியாக எதையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஒரு வகையைச் சேர்த்துக்கொண்டே போகும்போது தானாக அமைந்தால் அமையட்டும்.

4. கொகுஷி கூடாவிட்டால் மிஞ்சுவது பூஜ்யம். அந்த 13 காய்களிலிருந்து வேறெந்தக் கைக்கும் வழி கிடையாது.

சூஆன்கோவும் தைசாங்கெனும் அடிக்கடி வருவதன் காரணம் முதல் இரண்டு வரிகளில் இருக்கிறது. மாங்கானைத் தேடிப் போகிறவர்கள் வழியில் யாகுமானைச் சந்திக்கிறார்கள். கொகுஷி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. மிக மோசமான கையை வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் போகிறார்கள். கை வடிவத்தின் கணித வாய்ப்பை மட்டும் வைத்து எது அரிது என்று கணித்தால் தவறாகப் போவதும் இதனால்தான்.

மூன்று பேர் ஆடும் மாஜோங்கில் மான் வகையின் 2 முதல் 8 வரை நீக்கப்பட்டு 108 காய்கள் மட்டும் இருக்கும். கொகுஷிக்கு வேண்டிய 52 காய்களோ அப்படியே இருக்கின்றன. தொடக்கக் கையில் வரும் வகைகளின் சராசரி ஐந்தைத் தாண்டிவிடுகிறது. அந்த மேசைகளில் கொகுஷி அதிகம் தென்படுவதில் வியப்பில்லை.

## எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிலை

யாகுமான் முடியாமலே ஆட்டத்தை மாற்றிவிடும். ஒருவர் ஹாகுவையும் ஹாட்சுவையும் போன் சொல்லித் திறந்துவிட்டார். உங்கள் கையில் தனியாக ஒரு ச்சுன் கிடக்கிறது. போட்டால் உங்கள் கை தென்பாய் ஆகும். என்ன செய்வீர்கள்?

முதலில் கீழே கிடக்கும் காய்களை எண்ண வேண்டும். ஏற்கெனவே இரண்டு ச்சுன் விழுந்திருந்தால், உங்களுடையது போக வெளியே ஒன்றுதான். உங்கள் காயைச் சேர்த்தாலும் அவரிடம் செட் ஆகாது. தைசாங்கென் முடிந்துபோன கதை. ஒன்றுதான் விழுந்திருக்கிறது என்றால் மிச்ச இரண்டும் அவரிடம் ஜோடியாக இருக்கலாம். நீங்கள் போடுவது மூன்றாவதாகிவிடும். ஒன்றுமே விழவில்லை என்றால் பயம் இன்னும் அதிகம்.

பிடித்துவைத்தால் உங்கள் 13 காய்களில் ஒன்று முடங்குகிறது. மற்ற இருவரும் இதையே செய்யலாம். அதற்குள் மிரட்டுகிறவர் சாவகாசமாகத் தன் கையை வளர்ப்பார். அவரிடம் ச்சுன் ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். திறந்து வைத்த இரண்டு செட்டுகளே மூன்று பேரைக் கட்டிப்போட்டுவிட்டன.

இந்த இடத்தில்தான் பாஓ என்ற பொறுப்பு விதி வருகிறது. மூன்றாவது டிராகனைப் போன் சொல்லும்படி போட்டுத் தைசாங்கெனை உறுதிசெய்தவர் அதற்குப் பொறுப்பாளி. பிறகு அந்தக் கை ட்சுமோவில் முடிந்தால் மூவரும் பகிர வேண்டிய தொகை முழுவதையும் அவர் ஒருவரே கட்ட வேண்டும். வேறொருவர் போட்ட காயில் ரோன் ஆனால் காய் போட்டவரும் பொறுப்பாளியும் ஆளுக்குப் பாதி: 16,000 வீதம். தைசூஷீக்கும் இதே விதி. சில இடங்களில் சூகான்ட்சுவுக்கும் உண்டு.

மிகச் சரியான விதி இது. அது இல்லாவிட்டால் கடைசி இடத்தில் இருக்கும் ஒருவர் எதையும் யோசிக்காமல் மூன்றாவது டிராகனைப் போட்டுவிட்டு, அதன் விலையை மற்ற இருவர் தலையிலும் கட்டிவிடலாம்.

## விதிக்கு விதி மாறுபவை

கஸோயே யாகுமான் என்பது மேலே சொன்ன எந்த வடிவமும் இல்லாமல், சிறு யாகுக்களும் தோராக்களும் சேர்ந்தே 13 ஹானை எட்டுவது. உதாரணமாக, பின் வகையில் 2 முதல் 8 வரை ஒவ்வொன்றும் இரண்டு. ஒரே வகை என்பதற்கு 6, இரட்டை இரட்டையான வரிசைகளுக்கு 3, ஓரக் காய் இல்லாததற்கு 1, செட் இல்லாத எளிய வடிவத்துக்கு 1, ரீச்சிக்கு 1, ட்சுமோவுக்கு 1. தோரா ஒன்றுகூட இல்லாமலே 13. சில இடங்களில் இதே கைக்குத் தைஷாரின் என்று பெயர் வைத்துத் தனி யாகுமானாகவே எண்ணுவார்கள். வேறு சில அமைப்புகளின் விதிகளில் கஸோயேவுக்கு இடமே இல்லை. எத்தனை ஹான் சேர்ந்தாலும் சான்பைமானோடு நின்றுவிடும்.

இரட்டை யாகுமான் இன்னொரு வேறுபாடு. 13 வகைக்கும் காத்திருந்து முடித்த கொகுஷி, ஜோடிக்கு மட்டும் காத்திருந்து முடித்த சூஆன்கோ, ஒன்பது காய்களுக்கும் காத்திருந்து முடித்த ச்சூரென், தைசூஷீ ஆகிய நான்குக்கும் சில விதிகளில் 64,000 உண்டு. மற்ற விதிகளில் இவையும் 32,000 மட்டுமே. கௌரவக் காய்களால் மட்டுமே ஆன தைசாங்கென் போல இரண்டு யாகுமான்கள் ஒரே கையில் சேர்ந்தால் இரண்டையும் கூட்டுவதா என்பதும் மேசைக்கு மேசை மாறும். முதல் சுற்றில், தன் முறை வரும் முன்பே பிறர் போட்ட காயில் ரோன் சொல்லும் ரென்ஹோவை ஓரிடத்தில் யாகுமானாகவும், இன்னோரிடத்தில் மாங்கானாகவும் எண்ணுகிறார்கள். பல இடங்களில் அதற்கு மதிப்பே கிடையாது.

எனவே போட்டி ஒன்றைப் பார்க்கும்போதோ புதிய தளத்தில் ஆட உட்காரும்போதோ கஸோயே, இரட்டை, கூட்டு, பாஓ ஆகிய நான்கும் அங்கே எப்படி என்று விதிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 32,000 வர வேண்டிய இடத்தில் திரையில் 24,000 என்றோ 64,000 என்றோ தெரிந்தால் காரணம் அநேகமாக இந்த நான்கில் முதல் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.